பூட்டை இழுத்துப் பார்த்தீர்களா? தரவுப் பாதுகாப்புத் தளத்தின் விரைவுத் தொடக்கப் பக்கத்தைத் திருத்த வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாகர்கோவில் வடசேரியில் ஒரு மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பத்துப் பதினைந்து பேர் கூடுகிறோம். அப்பாச்சி ரேஞ்சர் என்பது ஒரு திறமூலத் தரவுப் பாதுகாப்புத் தளம். அதைப் புதிதாகத் தொடுபவர் முதல் ஒரு மணி நேரத்தில் படித்துச் செய்து பார்ப்பதற்கான பக்கம்தான் விரைவுத் தொடக்கம். அந்தப் பக்கத்தை நல்ல தமிழ்க் கண்ணோடும் நல்ல மனத்தோடும் சீர்செய்வதே எங்கள் வேலை. தக்கலையிலிருந்தும் குளச்சலிலிருந்தும் பஸ் பிடித்து வருபவர்கள் வாரந்தோறும் ஏறத்தாழ இதே கேள்விகளைக் கேட்கிறார்கள். பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

ரேஞ்சர் என்னதான் செய்கிறது?

ஒரு பெரிய நிறுவனத்தின் தரவு ஒரே இடத்தில் இருப்பதில்லை. பல கணினிகளில் கோப்புகளைப் பரப்பி வைக்கும் ஹடூப்பில் கொஞ்சம், அவற்றை அட்டவணைகளாகக் காட்டும் ஹைவில் கொஞ்சம், செய்திகளை ஓடவிடும் காஃப்காவில் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கும். யார் எதைப் பார்க்கலாம், யார் எதை மாற்றலாம் என்ற விதிகளை ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியே எழுதினால் ஆறே மாதத்தில் யாருக்கும் கணக்குத் தெரியாது. ரேஞ்சரில் அந்த விதிகளை ஒரே இடத்தில் எழுதலாம்.

விதிகளை எழுதும் இடத்துக்கு ரேஞ்சர் அட்மின் என்று பெயர். உலாவியில் 6080 என்ற போர்ட் எண்ணில் திறக்கும். ஹைவ், ஹடூப் போன்ற ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு செருகுநிரல், அதாவது ரேஞ்சரின் சிறு துணை நிரல், உட்கார்ந்திருக்கும். அது அட்மினிடமிருந்து விதிகளை எடுத்துவந்து தன்னிடம் ஒரு நகல் வைத்துக்கொள்ளும். கேள்வி வரும்போது அந்த நகலைப் பார்த்துத்தான் அனுமதிக்கும் அல்லது மறுக்கும். ஆகவே அட்மின் சற்று நேரம் நின்றுபோனாலும் காவல் நிற்காது. ஒவ்வொரு முடிவும் தணிக்கைப் பதிவாகச் சேரும்.

2014இல் இது திறமூல மென்பொருள்களை வளர்க்கும் அப்பாச்சி அறக்கட்டளையின் பயிற்சிக் களத்துக்குள் வந்தபோது ஆர்கஸ் என்று பெயர். பின்னர் ரேஞ்சர் ஆனது. 2017இல் முழு உரிமையுள்ள திட்டமாக உயர்ந்தது. பழைய கட்டுரைகளில் ஆர்கஸ் என்று கண்டால் குழம்ப வேண்டாம்.

விரைவுத் தொடக்கப் பக்கம் எந்த இடத்தில் முடிய வேண்டும்?

இதுதான் எங்கள் அறையில் அதிகம் பேசப்பட்ட கேள்வி. பதில் சொன்னவர் கணினித் துறையைச் சேர்ந்தவர் அல்லர்.

எங்களோடு ஓர் அம்மா வருகிறார். கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் முப்பது ஆண்டுகள் காசாளராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒருநாள் ஒரு மாணவர் மிகுந்த மகிழ்ச்சியோடு திரையைக் காட்டினார். நிறுவல் முடிந்து நுழைவுப் பக்கம் திறந்திருந்தது. "அம்மா, பாதுகாப்புத் தளம் ஓடத் தொடங்கிவிட்டது" என்றார். அந்த அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்: "பூட்டுப் போட்டுவிட்டாய், சரி. இழுத்துப் பார்த்தாயா மக்களே?"

அவர் வேலை பார்த்த காலத்தில் சங்கத்தின் இரும்பு அறையைப் பூட்டியபின் கைப்பிடியை இரண்டு தடவை இழுத்துப் பார்க்காமல் படியிறங்கியதே இல்லையாம். இங்கே கடை சாத்துகிறவர் எவரும் அப்படித்தான். சாவி திரும்பிய சத்தத்தை நம்பி வீட்டுக்குப் போகிறவர் யார்?

அன்றிலிருந்து எங்களுக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது. வேறு மென்பொருள்களுக்கு நுழைவுப் பக்கம் திறப்பதே வெற்றியாக இருக்கலாம். பாதுகாப்புத் தளத்துக்கு அது போதாது. பார்க்க அனுமதி இல்லாத ஒரு பயனர் ஓர் அட்டவணையைத் திறக்க முயல வேண்டும். "இந்தப் பயனருக்கு இங்கே செலக்ட் (தரவை எடுத்துப் பார்க்கும்) உரிமை இல்லை" என்ற மறுப்பு திரையில் வர வேண்டும். பிறகு அதே மறுப்பு, யார், எப்போது, எந்த அட்டவணை என்ற விவரத்தோடு தணிக்கைப் பக்கத்தில் பதிவாகியிருப்பதைப் படிப்பவர் தம் கண்ணால் பார்க்க வேண்டும். அந்த இடத்தில்தான் பக்கம் முடிய வேண்டும். அதற்கு முன்பே "வாழ்த்துகள், நிறுவிவிட்டீர்கள்" என்று முடியும் பக்கம் ஆளைப் பாதி வழியில் இறக்கிவிடுகிறது.

அந்த மறுப்பு வரும் இடத்தை மனத்தில் வைத்துப் பின்னோக்கி எழுதிவாருங்கள். அங்கே போய்ச் சேரத் தேவைப்படாத எந்தப் பத்தியும் இந்தப் பக்கத்துக்கு உரியதல்ல. வேறு பக்கத்துக்கு அனுப்பிவிடலாம்.

முதல் எடுத்துக்காட்டுக்கு ஏன் ஹைவை எடுக்கிறீர்கள்? ஹடூப் கோப்புகள் எளிதாயிற்றே?

எளிதுதான். ஆனால் புதியவரை ஏமாற்றிவிடும். ஹைவில் ஒரு பயனருக்குப் பொருந்தும் விதி எதுவும் இல்லையென்றால் ரேஞ்சர் மறுத்துவிடும். ஹடூப் கோப்பு அமைப்பில் இயல்பு நிலை அப்படியல்ல. ரேஞ்சரில் பொருந்தும் விதி இல்லையென்றால், கோப்பின் சொந்த அனுமதிகளைப் பார்த்து முடிவெடுக்கும். கோப்பு எல்லோருக்கும் திறந்திருந்தால் கதவும் திறந்தேதான் இருக்கும். புதியவர் பூட்டை இழுப்பார், அது கையோடு வந்துவிடும். ரேஞ்சர் வேலை செய்யவில்லை என்று எண்ணிப் போய்விடுவார்.

யார் முடிவெடுத்தது என்பதைத் தணிக்கைப் பதிவின் அமலாக்கப் பத்தி (நெடுவரிசை) சொல்லும். ரேஞ்சர் முடிவெடுத்ததா, ஹடூப்பின் சொந்த அனுமதி முடிவெடுத்ததா என்று அங்கே தெரியும். இரண்டாவது பாடத்தில் இதைக் காட்டலாம். முதல் பாடத்துக்கு ஹைவ்.

விதியை எழுதிச் சேமித்தேன். ஒன்றும் மாறவில்லையே?

அரை நிமிடம் பொறுங்கள். செருகுநிரல் இயல்பாக 30 வினாடிக்கு ஒருமுறைதான் அட்மினிடம் புதிய விதி உண்டா என்று கேட்கும். சேமித்த கையோடு கட்டளையைத் தட்டினால் பழைய விதியே பதில் சொல்லும்.

பக்கத்தில் இந்த ஒரு வரி இல்லாததால் எத்தனை பேர் நல்ல விதியை அழித்துவிட்டுத் திரும்ப எழுதியிருக்கிறார்கள் என்பதை எங்கள் அறையிலேயே பார்த்திருக்கிறேன். தணிக்கைப் பகுதியில் செருகுநிரல் நிலையைக் காட்டும் தாவல் ஒன்று இருக்கிறது. விதி எப்போது இறங்கியது, எப்போது நடைமுறைக்கு வந்தது என்று அதில் நேரத்தோடு இருக்கும். "சேமித்தபின் அந்தத் தாவலைத் திறந்து, நேரம் மாறியதைப் பார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்" என்று எழுதினோம். காத்திருக்கும் நேரம் கற்கும் நேரமாயிற்று.

மாதிரித் தரவை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கவனமாக. மாதிரித் தரவை யாரும் பொருட்படுத்துவதில்லை. எங்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய கண்டுபிடிப்பே அதிலிருந்துதான் வந்தது.

முதலில் வழக்கமான ஆங்கில அட்டவணை ஒன்றை வைத்திருந்தோம்: ஊழியர், துறை, சம்பளம். படிப்பவர் மனத்தில் அது ஒட்டவே இல்லை. மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி, "தேன் கொடுப்பவர்களின் பட்டியல் வைக்கலாமா?" என்று கேட்டார். நல்ல யோசனை. பெயர், ஊர், வங்கிக் கணக்கு எண், கொடுத்த தேன் எத்தனை கிலோ என்று நான்கு பத்திகள். நிஜ ஆட்களின் பெயர் வரக் கூடாது என்பதால் தோவாளைச் சந்தைக்கு வரும் பூக்களை வரிசையாகப் பெயராக்கினோம்: அல்லி, முல்லை, செவ்வந்தி, பிச்சி. தேனை எடைபோடுபவர் கிலோவைப் பார்க்கலாம், கணக்கு எண்ணைப் பார்க்கக் கூடாது. கணக்கர் இரண்டையும் பார்க்கலாம். விதி எதற்கு என்று யாருக்கும் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

அந்த மாணவி பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே உள்ளிட்டிருந்தார். ஹைவுக்கான ரேஞ்சர் விதிகளில் மறைப்பு என்று ஒரு வகை உண்டு. அட்டவணையைப் பார்க்க விடும், ஆனால் குறிப்பிட்ட பத்தியை முகமூடி போட்டுக் காட்டும். பெயருக்கும் கணக்கு எண்ணுக்கும் முழு மறைப்பு விதி எழுதினோம். அரை நிமிடம் பொறுத்து, எடைபோடுபவராக நுழைந்து பார்த்தோம். எழுத்து வகையாக வைத்திருந்த கணக்கு எண்ணில் ஒவ்வோர் இலக்கமும் ஆங்கில 'என்' எழுத்தாக மாறி மறைந்திருந்தது. பக்கத்தில் "அல்லி" என்று பெயர் பளிச்சென்று நின்றது. கீழே முல்லை, செவ்வந்தி, பிச்சி. ஒன்றுகூட மறையவில்லை.

விதியில் பிழை என்று நினைத்து மூன்று தடவை சரிபார்த்தோம். விதி சரி. காரணம் எழுத்தில் இருந்தது. அந்த மறைப்புக்கு ரேஞ்சர் அழைப்பது ஹைவின் மாஸ்க் என்ற செயற்கூறை. அது இயல்பாகப் பெரிய எழுத்தைப் பெரிய எக்ஸாகவும், சிறிய எழுத்தைச் சிறிய எக்ஸாகவும், இலக்கத்தை 'என்' எழுத்தாகவும் மாற்றும். மற்றவற்றைத் தொடாது. ஆங்கிலத்துக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் உண்டு. தமிழுக்கு ஏது? அல்லியை ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் ஒரு பெரிய எக்ஸும் மூன்று சிறிய எக்ஸும் வந்திருக்கும். தமிழில் எழுதியதால் முகமூடி முகத்தில் படவே இல்லை.

ஹைவின் விளக்கக் குறிப்பில் எழுதியிருப்பதைத்தான் அந்தச் செயற்கூறு செய்கிறது. ஆனால் அதைப் படித்த எவருக்கும், தமிழிலோ மலையாளத்திலோ இந்தியிலோ பெயரை வைத்திருப்பவருக்கு என்ன ஆகும் என்ற கேள்வி எழுவதற்கு அந்தக் குறிப்பில் வழியில்லை. நம் அலுவலகங்களில் எத்தனை பட்டியல்கள் தமிழில் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. ஆகவே பக்கத்தில் எச்சரிக்கையாக இதைச் சேர்க்க வேண்டும் என்று முடிவெடுத்தோம்: தமிழ் எழுத்து உள்ள பத்திகளுக்கு முழு மறைப்பையோ, கடைசி நான்கை மட்டும் காட்டும் மறைப்பையோ நம்பாதீர்கள்; மதிப்பை வெறுமையாக்கும் வகையையோ மதிப்பை அடையாளம் தெரியாத குறியீடாக மாற்றும் ஹாஷ் வகையையோ பயன்படுத்துங்கள். அவை இரண்டும் எழுத்து எந்த மொழி என்று பார்ப்பதில்லை.

இதே இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மறைப்பு விதி மட்டும் எழுதினால் அட்டவணை திறக்காது. பார்க்கும் அனுமதியைத் தனி விதியாகத் தர வேண்டும். முதலில் வாசல், பிறகு திரை.

சோதனைக்கு நிஜத் தரவைப் பயன்படுத்தலாமா?

கூடாது. எங்களில் ஒருவர் தம் அப்பாவின் கடைக் கடன் பேரேட்டைப் படமெடுத்துக் கொண்டுவந்தார். நல்லெண்ணத்தோடுதான். அதில் ஊரில் பாதிப் பேரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருந்தன. அவரை உட்காரவைத்து அழிக்கச் சொன்னோம்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் தரவை வைத்திருக்கும் நிறுவனங்கள் தக்க பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க வழிசெய்கிறது. அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும் பேரேட்டில் இருப்பவர்கள் நம்மை நம்பிக் கடன் சொன்னவர்கள்.

மாதிரி அமைப்பில் எளிய கடவுச்சொல் வைத்திருக்கிறார்களே, அதை அப்படியே எழுதலாமா?

எழுதலாம். ஆனால் கொடுத்த கையாலேயே திரும்ப வாங்க வேண்டும். பலரும் விரைவுத் தொடக்கத்தில் தட்டிய கட்டளைகளை அப்படியே நிஜச் சேவையகத்திலும் தட்டுகிறார்கள். ஆகவே ஒவ்வொரு தளர்வுக்கும் பக்கத்திலேயே, அதே படியிலேயே, "இது உங்கள் மடிக்கணினிக்கு மட்டும், சேவையகத்தில் இப்படிச் செய்யுங்கள்" என்று ஒரு வரி இருக்க வேண்டும். பக்கத்தின் அடியில் மொத்தமாக எழுதிய எச்சரிக்கையை யாரும் படிப்பதில்லை.

முக்கியமான தளர்வு ஒன்று பலர் கண்ணில் படுவதில்லை. "நீ யார்?" என்று ரேஞ்சர் விசாரிப்பதில்லை. அது கெர்பரோஸ், எல்டாப் போன்ற அடையாளச் சோதனை முறைகளின் வேலை. வந்தவர் இன்னார் என்று தெரிந்தபின் அவருக்கு எது உண்டு, எது இல்லை என்பதை மட்டுமே ரேஞ்சர் முடிவு செய்யும். ஹைவில் அடையாளச் சோதனை அணைக்கப்பட்ட மாதிரி அமைப்பில் யார் வேண்டுமானாலும் கணக்கரின் பெயரைத் தட்டி உள்ளே போகலாம். பூட்டு நல்ல பூட்டுத்தான், ஆனால் சாவி வாசலிலேயே தொங்குகிறது. இதைச் சொல்லாமல் விடும் பக்கம் படிப்பவருக்குப் பொய்யான நிம்மதியைக் கொடுக்கும்.

அட்மின் 6080இல் திறப்பது மறையாக்கம் இல்லாத இணைப்பு. மறையாக்கத்தோடு திறக்க வழக்கமான போர்ட் எண் 6182.

எங்கள் ஊரில் இணைய வேகம் குறைவு, மின்சாரமும் அடிக்கடி போகும். எப்படி?

பேச்சிப்பாறைக்கு மேலே வீடு உள்ள ஒருவர் கேட்ட கேள்வி இது. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் நம்முடையது. ஆடிக் காற்றில் ரப்பர் மரம் கம்பியில் சாய்ந்தால் மின்சாரம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. இது நம் குறை என்று ஒதுங்க வேண்டாம். இதையே அந்தப் பக்கத்துக்கான கேள்வியாக மாற்றினோம்.

எத்தனை ஜிபி இறங்கும், எத்தனை ஜிபி நினைவகம் வேண்டும், எந்தப் பதிப்பில் சோதித்தது என்ற மூன்றும் முதல் கட்டளைக்கு முன்பே வர வேண்டும். ஹைவ், ஹடூப், தரவுத்தளம், தணிக்கைப் பதிவுகளைச் சேர்த்துத் தேடித் தரும் சோலர் எல்லாம் சேர்ந்து ஓடும்போது 8 ஜிபி மடிக்கணினி மூச்சுத் திணறுகிறது. இதைப் பாதி தூரம் வந்தபின் தெரிந்துகொள்வது பெரிய கொடுமை. அடுத்து, ஒவ்வொரு படியின் இறுதியிலும் "இங்கே நின்றுபோனால் இங்கிருந்தே தொடங்கலாம்" அல்லது "முந்தைய படிக்குத் திரும்புங்கள்" என்று ஒரு வரி. மாதிரி மென்பொருள் தனி உறைக்குள் ஓடும் டாக்கர் கொள்கலனை நிறுத்துவது வேறு, நீக்குவது வேறு. நிறுத்தினால் உள்ளே எழுதியது இருக்கும். நீக்கினால், வெளியே சேமிக்கும்படி அமைத்திராதவை போய்விடும். மின்தடைக்குப் பிறகு பதற்றத்தில் நீக்கிவிட்டுப் புலம்பியவர்கள் உண்டு.

நம் மலையோர வீட்டுக்காக எழுதிய இந்த வரிகள் வேறு எந்த நாட்டில் பஸ்ஸில் உட்கார்ந்து படிப்பவருக்கும் உதவும்.

எழுதிய பக்கத்தை எப்படிச் சோதிப்பது?

இதற்கு முன் அதைப் பார்க்காத ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, நீங்கள் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் சோதனை. சொல்ல எளிது, செய்வது கடினம். அவர் தடுமாறும்போது கை துறுதுறுக்கும். உதவினால் சோதனை கெட்டது. அவர் விரல் எங்கே நிற்கிறது, எந்த வரியை இரண்டாம் தடவை படிக்கிறார், எங்கே பெருமூச்சு விடுகிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு பெண் முதல் படியிலேயே பத்து நிமிடம் நின்றுவிட்டார். பக்கத்தில் கட்டளைக்கு முன்னால் டாலர் குறி இருந்தது. இங்கே தட்டச்சு செய்யுங்கள் என்பதற்கான பழைய வழக்கம் அது. அவர் அந்தக் குறியையும் சேர்த்து நகலெடுத்து ஒட்டினார். கணினி அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது. அவர் தம்மைத்தான் நொந்துகொண்டார், "எனக்கு இதெல்லாம் வராது அண்ணா" என்றார். எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. தவறு அவருடையதல்ல, முழுக்க முழுக்கப் பக்கத்துடையது. அன்று மாலையே எல்லா டாலர் குறிகளையும் நீக்கினோம். அவரேதான் நீக்கினார், அதுவே அவருடைய முதல் திருத்தம்.

எனக்கு நிரல் எழுதத் தெரியாது.

தேவையில்லை. படிக்கத் தெரிந்தால் போதும். புரியாத இடத்தில் "புரியவில்லை" என்று கூச்சமில்லாமல் சொல்லத் தெரிந்தால் இன்னும் நல்லது.

என் ஆங்கிலம் அவ்வளவு நன்றாக இருக்காதே?

விரைவுத் தொடக்கத்துக்கு அலங்கார ஆங்கிலம் ஆகாது. சிறு வாக்கியம், ஒரு வாக்கியத்தில் ஒரு செயல், செய்தபின் திரையில் என்ன தெரியும் என்ற ஒரு வரி. இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் ஏராளம். நீங்கள் தடுக்கிய சொல்லில் அவர்களும் தடுக்குவார்கள்.

தமிழிலேயே ஒரு பக்கம் எழுதலாமா?

எழுத வேண்டும் என்பது என் ஆசை. சில முடிவுகளை எடுத்துவிட்டோம். பொத்தான்களின் பெயரை மொழிபெயர்ப்பதில்லை, ஏனென்றால் திரையில் அவை ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. தமிழ்ப் பெயரைத் தேடிப் படிப்பவர் அலைவார். பாலிசி என்ற சொல்லை அப்படியே விட்டால் இங்கே எல்லோருக்கும் காப்பீடு நினைவுக்கு வருகிறது. கொள்கை என்றால் கட்சி நினைவுக்கு வருகிறது. அனுமதி விதி என்று வைத்தோம். ஆடிட் என்பதற்குத் தணிக்கை பொருத்தமாக அமைந்தது, கூட்டுறவுச் சங்கத்தில் தணிக்கையாளர் வரும் நாளைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம்.

திருத்தத்தை எப்படி அனுப்புவது? ஏற்க மறுத்தால்?

ரேஞ்சர் திட்டத்தின் குறைகளும் கோரிக்கைகளும் ஜிரா என்ற பதிவேட்டில் பதிவாகின்றன. முதலில் அங்கே தேடுங்கள். ஏற்கெனவே யாராவது எழுதியிருக்கலாம். இல்லையென்றால் புதிதாகப் பதியுங்கள்: எந்தப் பதிப்பு, எந்தப் படி, என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது. பிறகு திருத்தத்தை அனுப்புங்கள். ஒரு திருத்தத்தில் ஒரு விஷயம். டாலர் குறியையும் தமிழ் எழுத்து எச்சரிக்கையையும் ஒரே மூட்டையாகக் கட்டினால், ஒன்றில் கருத்து வேறுபாடு வந்தாலும் இரண்டும் நின்றுவிடும்.

பராமரிப்பவர்கள் பலர் தங்கள் வேலைக்கு நடுவே இதைப் பார்ப்பவர்கள். பதில் வர நாளாகும். மறுத்தால் காரணத்தைக் கேளுங்கள், மரியாதையாக. அவர்கள் சொன்ன காரணத்தால் எங்கள் பக்கம் மேம்பட்டதும் உண்டு.

சான்றிதழ் கிடைக்குமா?

கிடைக்காது. உங்கள் பெயரோடு திருத்தம் திட்டத்தின் வரலாற்றில் பதிவாகும். வேலைக்கான நேர்காணலில் அதைத் திறந்து காட்டலாம்.

அறைக்கு வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

மடிக்கணினி இருந்தால் அதையும் சார்ஜரையும் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் ஒரு நோட்டும் பேனாவும் போதும், குறிப்பெடுக்க ஆள் எப்போதும் வேண்டும். கடைசி பஸ் நேரத்தை முன்பே சொல்லிவிடுங்கள். விரைவுத் தொடக்கப் பக்கத்தை மட்டும் வீட்டில் படித்துப் பார்த்துவிட்டு வராதீர்கள். நீங்கள் முதல் தடவை படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே உங்கள் விரல் நிற்கிறது என்று குறித்துக்கொள்ள அந்தக் காசாளர் அம்மா காத்திருப்பார்.